கீமோ நோயாளிகளுக்கு மின்னணு நலக் கேள்வித்தாள்: அமைப்பது முதல் நடத்துவது வரை

"எப்படி இருக்கீங்க?" என்று ஓ.பி.யில் டாக்டர் கேட்டால் "பரவாயில்ல டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். போன வாரம் நான்கு நாள் சாப்பிட முடியாமல் கிடந்ததும், கால் மரத்துப்போய் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்ததும் அந்தப் பதிலில் வராது. இத்தாலியில் மூன்று மருந்து ஆய்வுகளில் இருந்த 1,090 பேரின் பதிவுகளை 2015இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் என்ற ஆறு தொல்லைகளையும் எடுத்துக்கொண்டால், நோயாளி "இருக்கிறது" என்று எழுதியதில் சுமார் 41 முதல் 74 சதவீதம் வரை டாக்டரின் பதிவில் இடம்பெறவே இல்லை. இதை டாக்டர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து நிமிட ஓ.பி.யில் கேட்கவும் நேரமில்லை, சொல்லவும் தோன்றுவதில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மின்னணு நலக் கேள்வித்தாள். நோயாளி வீட்டிலிருந்தே போனில் வாரம் ஒருமுறை சில கேள்விகளுக்குப் பதில் தருகிறார். பதில் மோசமாக இருந்தால் நர்ஸுக்கு எச்சரிக்கை போகிறது. அடுத்த ஓ.பி.யில் டாக்டர் முன்னால் அந்தப் பதில்கள் ஒரு வரைபடமாக நிற்கின்றன.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் 12 தொல்லைகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். கேள்வித்தாள் பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கு வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. வழக்கமான கவனிப்பில் 18 சதவீதம். அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் முந்தையவர்களில் 34, பிந்தையவர்களில் 41 சதவீதம். கீமோவைத் தாங்கிய காலம் சராசரியாக 8.2 மாதத்துக்கு 6.3 மாதம். 2017இல் வெளியான தொடர்முடிவில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 31.2 மாதத்துக்கு 26 மாதம் என்று வந்தது. அந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிறகு அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரிடம் நடந்த ப்ரோ-டெக்ட் ஆய்வில் உடல் இயக்கமும் தொல்லைக் கட்டுப்பாடும் மேம்பட்டன, அவசரப் பிரிவுக்குப் போவது தள்ளிப்போனது, ஆனால் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நிர்வாகத்திடம் "ஆயுள் கூடும்" என்று வாக்குக் கொடுத்துத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். வலியும் வாந்தியும் குறையும், நடுராத்திரியில் அவசரமாக ஓடி வருவது குறையும் என்று சொல்லுங்கள். இதுவே போதுமான காரணம்.

முதலில் பதில் சொல்லும் ஆள், பிறகுதான் கேள்வி

எந்த மென்பொருள் வாங்கலாம், எந்தக் கேள்வித்தாள் எடுக்கலாம் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பார், எத்தனை மணிக்குள் நோயாளியைக் கூப்பிடுவார், அவர் தானாகவே எந்த மாத்திரை வரை சொல்லலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்ற நான்கும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தான பிறகே மற்றதைத் தொடுங்கள். ஸ்லோன் கெட்டரிங் ஆய்வில் எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்கு நர்ஸுகள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தார்கள்: போனில் ஆலோசனை, துணை மருந்து, கீமோ அளவை மாற்றுவது, வேறு பிரிவுக்கு அனுப்புவது. பலன் வந்தது இந்த நடவடிக்கைகளால்தான். "கடுமையான வலி" என்று ஒருவர் எழுதி இரண்டு நாள் யாரும் கூப்பிடவில்லை என்றால், மூன்றாவது வாரம் அவர் எதையும் எழுத மாட்டார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

வேலையை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாருங்கள். நூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், வாரம் கால்வாசிப் பேருக்கு எச்சரிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன் பேசி, பதிவு எழுத ஒருவருக்கு 12 நிமிடம். 25 பேருக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். பதில் அனுப்பாத 20 பேரைத் தேடிப் பேச ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு முழு ட்யூட்டி. இந்த நேரம் ட்யூட்டி அட்டவணையில் பெயரோடு இருக்க வேண்டும். "இருக்கிற நர்ஸே பார்த்துக்கொள்வார்" என்றால், கீமோ நாற்காலிகள் நிரம்பிய நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நர்ஸ் விடுப்பில் போனால் அடுத்தது யார் என்பதும் அட்டவணையிலேயே இருக்கட்டும்.

கேள்வித்தாளைத் தேர்ந்தெடுப்பது

வாராவாரம் தொல்லைகளைக் கண்காணிக்க அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ப்ரோ-சி.டி.சி.ஏ.இ. தொகுப்பு நன்கு பொருந்தும். அதில் 78 தொல்லைகளுக்கு 124 கேள்விகள் உள்ளன. எல்லாவற்றையும் கேட்பதற்கு அல்ல, உங்கள் மருந்துக்கு ஏற்றதைப் பொறுக்கி எடுப்பதற்கு. கடந்த 7 நாளைப் பற்றி, 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளில் பதில்.

வாழ்க்கைத் தரத்தை முழுமையாக அளக்க ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் இ.ஓ.ஆர்.டி.சி. க்யூ.எல்.க்யூ.-சி30 உள்ளது. 30 கேள்விகள்: 28க்கு நான்கு நிலைப் பதில், கடைசி இரண்டுக்கு ஏழு நிலை. இதை வாராவாரம் கேட்டால் நோயாளிக்குச் சலித்துவிடும். சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று கீமோ சுழற்சிக்கு ஒருமுறை போதும். வலி தணிப்புப் பிரிவில் 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் எட்மன்டன் முறை பழகியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைத்தான் பெரிய அளவில் நடத்தியது.

கீமோ வார்டுக்கு இப்படித் தொடங்கலாம்:

- வலி: எவ்வளவு கடுமை, அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது
- குமட்டல், வாந்தி, பசியின்மை
- வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல்
- வாய்ப்புண், தொண்டைப்புண்
- மூச்சு வாங்குதல்
- அசதி, தூக்கமின்மை
- கை கால் மரத்துப்போதல், குறுகுறுப்பு (ஆக்ஸாலிபிளாட்டின், பேக்லிடாக்செல் ஆகிய கீமோ மருந்துகள் எடுப்பவர்களுக்குக் கட்டாயம்)
- மனச்சோர்வு
- நாளில் எவ்வளவு நேரம் படுக்கையில், கீழே விழுந்தாரா
- காய்ச்சல் வந்ததா, எத்தனை டிகிரி

ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். ஒவ்வொரு பிரிவும் "எங்களுக்கும் இரண்டு கேள்வி" என்று சேர்த்துக்கொண்டே போகும். எச்சரிக்கையோ ஓ.பி.யில் ஒரு முடிவோ எடுக்கப் பயன்படாத கேள்வி எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் தரப்படுத்திய கேள்வி போதாது. ப்ரோ-சி.டி.சி.ஏ.இ.யில் வயிற்றுப்போக்குக்கு "எத்தனை அடிக்கடி" என்றுதான் கேட்கிறார்கள். சிகிச்சை முடிவுக்கோ எண்ணிக்கை வேண்டும்: வழக்கத்தைவிட நாளுக்கு 4 முதல் 6 முறை கூடினால் அது இரண்டாம் நிலை, 7ஐத் தொட்டால் மூன்றாம் நிலை. கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை வீட்டில் விழுங்குபவர் இரண்டாம் நிலையிலேயே நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். "டாக்டர் கொடுத்த மாத்திரையை விடக் கூடாது" என்று பலர் ஐந்தாறு நாள் தொடர்ந்து விழுங்குகிறார்கள், நீர்ச்சத்து வற்றிப்போய் வந்து சேர்கிறார்கள். ஆகவே "வழக்கத்தைவிட எத்தனை முறை கூட?" என்று ஒரு எண் கேள்வியையும், மாத்திரை எடுப்பவர்களுக்கு "இன்றைக்கும் மாத்திரை போட்டீர்களா?" என்பதையும் தனியே சேருங்கள். தரப்படுத்திய கேள்விகளின் வாசகத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். மொழிபெயர்ப்பும் அப்படியே: உரிமையாளர் அமைப்பு வெளியிட்ட தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சி30க்கு அனுமதியும் வேண்டும், மின்னணு வடிவத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும்.

எந்த நாளில் கேட்பது

ஓ.பி. வரும் நாளில் காத்திருக்கும்போது டேப்லட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்வதுதான் எல்லாருக்கும் சுலபம். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 21 நாள் சுழற்சியில் நோயாளி அடுத்த கீமோவுக்கு வருவது இருபத்திரண்டாவது நாள். கேள்வி "கடந்த 7 நாள்" என்கிறது. அப்படியென்றால் நீங்கள் கேட்பது 15 முதல் 21 வரையிலான நாட்களைப் பற்றி, அவர் ஓரளவு தேறியிருக்கும் வாரத்தைப் பற்றி. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தின் தாமத வாந்தி 2 முதல் 5ஆம் நாளில் வரும். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போவது பெரும்பாலும் 7 முதல் 14ஆம் நாளில். இரண்டும் உங்கள் கேள்விக்கு முன்பே கடந்துபோயிருக்கும். வரைபடம் அழகாக, சமதளமாக இருக்கும், நோயாளி வீட்டில் துவண்டு கிடந்திருப்பார்.

அதனால் வாரம் ஒருமுறை, வீட்டிலிருந்தே. திங்களோ செவ்வாயோ காலை 9 மணிக்கு எஸ்.எம்.எஸ். போகட்டும். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினால் எச்சரிக்கை சனிக்கிழமை வந்து, திங்கள் வரை யாரும் பார்க்காமல் கிடக்கும். 24 மணி நேரத்தில் பதில் இல்லை என்றால் தானியங்கி நினைவூட்டல், 72 மணி நேரத்தில் மனிதர் போன் செய்ய வேண்டும். பதில் வராததை "பிரச்சினை இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கமாக அனுப்புகிறவர் திடீரென நிறுத்தினால் பல நேரம் அவர் படுக்கையில் இருக்கிறார் என்று பொருள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை விட்டுவிடக் கூடாது. ப்ரோ-டெக்டில் இணையம் அல்லது தானியங்கித் தொலைபேசி அழைப்பு என்று நோயாளியே தேர்ந்தெடுத்தார். வாராந்திரக் கேள்வித்தாள்களில் 91.5 சதவீதம் நிரம்பி வந்தன. ஸ்லோன் கெட்டரிங்கில் கணினி பழகாதவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. "எங்கள் நோயாளிகளுக்கு இதெல்லாம் வராது" என்று முதல் கூட்டத்திலேயே சொல்பவர்களுக்கு இந்தத் தகவலைக் காட்டுங்கள்.

திரையும், நிரப்பும் கையும்

ஒரு திரைக்கு ஒரு கேள்வி. பெரிய எழுத்து, பெரிய பொத்தான், கேள்வியை வாசித்துக் காட்டும் ஒலி. எந்தப் பதிலும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கக் கூடாது, இருந்தால் அவசரத்தில் அதையே ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். இழுத்து நகர்த்தும் பட்டை வேண்டாம்; நரம்பு மரத்த விரலுக்கு அது அடங்காது. கடவுச்சொல்லும் வேண்டாம். ஒருமுறை மட்டும் திறக்கும் இணைப்பு, அதோடு பிறந்த தேதி போதும்.

நம் வீடுகளில் போன் பெரும்பாலும் மகன் கையிலோ மகள் கையிலோ இருக்கும். நோயின் பெயரே நோயாளிக்குச் சொல்லப்படாத குடும்பங்களும் உண்டு. ஆகவே எஸ்.எம்.எஸ்.ஸிலும் முகப்பிலும் "புற்றுநோய்" என்ற சொல் வேண்டாம், "உங்கள் வாராந்திர நலக் கேள்விகள்" போதும். முதல் கேள்வியாக "யார் நிரப்புகிறீர்கள்: நானே / நான் சொல்ல இன்னொருவர் / அவருக்காக நான்" என்று கேளுங்கள். மூன்றாவது வகைப் பதிலைத் தனியாகக் குறியிடுங்கள். உடனிருப்பவர் வாந்தியையும் நடமாட்டத்தையும் ஓரளவு சரியாகச் சொல்வார், மனச்சோர்வையும் வலியையும் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு வாரம் அவரே நிரப்பி, அடுத்த வாரம் மருமகள் நிரப்பினால் வரைபடத்தில் தெரியும் ஏற்றம் நோயின் ஏற்றமாக இருக்காது.

முதல் முறை கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நர்ஸ் பக்கத்தில் இருந்து ஒருமுறை நிரப்ப வைக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் க்யூஆர் கோடு அச்சடித்த தாளை நீட்டுவதில் பயனில்லை.

எச்சரிக்கை வரம்புகள்

திட்டங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். வரம்பு தளர்ந்தால் ஆபத்து தப்பிப்போகும், இறுகினால் நாள் முழுதும் மணி அடித்து நர்ஸுகளுக்கு அது காதிலேயே விழாமல் போய்விடும். ஸ்லோன் கெட்டரிங் ஆய்வின் விதி நல்ல தொடக்கம்: ஒரு தொல்லை முந்தையதைவிட 2 புள்ளி கூடினால், அல்லது 3ஐத் தொட்டால் எச்சரிக்கை. அதை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்.

சிவப்பு: கீமோவில் இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல், கடும் மூச்சுத்திணறல், 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ரத்தப்போக்கு, நாளுக்கு 7 முறையோ அதற்கு மேலோ கூடுதல் பேதி. இதற்கு நர்ஸ் பார்க்கும் வரை காத்திருக்கக் கூடாது. பொத்தானை அழுத்திய நொடியே திரையில் "இப்போதே கிளம்பி வாருங்கள்" என்ற வாசகமும், தொட்டால் அழைக்கும் எண்ணும் வர வேண்டும். வெள்ளணு குறைந்த நிலையில் வரும் காய்ச்சலுக்கு, மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். "பாராசிட்டமால் போட்டேன், குறைந்துவிட்டது" என்று வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அதே திரையில் மறுப்புச் சொல்ல வேண்டும்.

மஞ்சள்: 3, 4 நிலைகள், அல்லது 2 புள்ளி ஏற்றம். ஒரு வேலை நாளுக்குள் நர்ஸ் கூப்பிட வேண்டும்.

பச்சை: 1, 2 நிலைகள். அந்தத் தொல்லைக்கான வீட்டுக் கவனிப்புக் குறிப்பு திரையில் வரும். பிரிட்டனின் லீட்ஸ் நகரில் 508 பேரிடம் நடந்த ஈ-ராப்பிட் ஆய்வில் இப்படித்தான் லேசான தொல்லைக்குத் தானியங்கி ஆலோசனை, கடுமையானதற்கு மருத்துவமனையைக் கூப்பிடச் சொல்லும் செய்தி என்று பிரித்தார்கள். 6, 12 வாரங்களில் உடல்நலம் மேம்பட்டது, மருத்துவமனையின் வேலைப்பளு கூடவில்லை.

இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவர்களுக்கு மட்டும் பேதியின் வரம்பு வேறு. நாளுக்கு 4 முறை கூடினாலே டாக்டருக்குப் போக வேண்டும். அது குடல் அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். கீமோ பேதிக்கு எழுதிய "லோப்பராமைடு (பேதியை நிறுத்தும் மாத்திரை) போடுங்கள்" குறிப்பு இவர்களுக்கும் தானாகப் போய்விட்டால் ஆபத்து. ஆகவே குறிப்புகளை மருந்து வாரியாகப் பிரித்து வையுங்கள்.

ஒருவருக்குக் கால் மரப்பு ஆறு மாதமாக 3லேயே நிற்கிறது என்றால் ஆறு மாதமும் எச்சரிக்கை வரும். பார்த்தாயிற்று, மருந்து மாற்றியாயிற்று என்றால் அந்தத் தொல்லைக்கு மட்டும் இரண்டு வாரம் அமைதி கொடுக்கும் வசதி வேண்டும். 4க்கு ஏறினால் அமைதி உடைய வேண்டும்.

சி30 மதிப்பெண்ணைப் பயன்படுத்துபவர்கள் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வலிக்கு இரண்டு கேள்விகள் (9, 19). பதில் 2, 3 என்றால் சராசரி 2.5. அதில் 1 கழித்து, 3ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் 50. கவனிக்க வேண்டிய வரம்பாக வெளியிடப்பட்டது 25. இரண்டுக்கும் "சிறிதளவு" என்று சொன்னாலே 33 வந்து வரம்பைத் தாண்டிவிடும். அதனால் சி30 வரம்புகளைப் போன் அழைப்புக்கு வைக்காதீர்கள், ஓ.பி.யில் பேச வேண்டியவற்றைக் குறிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மனநலக் கேள்விகளுக்குத் தனி எச்சரிக்கை. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, இறந்துபோகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கிறது. அதற்கு "ஆம்" வந்தால் அன்றைக்கே ஒருவர் பேச முடியும் என்றால் மட்டுமே அந்தக் கேள்வித்தாளை அனுப்புங்கள். இந்தியாவில் நடத்துபவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐயும் அதே திரையில் காட்டலாம்.

ஓ.பி. மேசையில்

டாக்டர் நோயாளியின் பதிவைத் திறக்கும் அதே திரையில் வரைபடம் இருக்க வேண்டும். தனி மென்பொருள், தனி கடவுச்சொல் என்றால் இரண்டாவது வாரமே திறக்க மாட்டார்கள். கடந்த ஆறு வாரம், மோசமான மூன்று தொல்லைகள் மேலே, கீமோ தேதிகள் செங்குத்துக் கோடாக: இவ்வளவு போதும். சி30இல் செயல்திறன் மதிப்பெண் கூடினால் நல்லது, தொல்லை மதிப்பெண் கூடினால் கெட்டது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் அனுபவமுள்ளவர்களும் தலைகீழாகப் படிப்பார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "மேலே போனால் நல்லது" அல்லது "மேலே போனால் கெட்டது" என்று எழுதிவிடுங்கள்.

"போன வாரம் தூக்கமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, இப்ப எப்படி?" என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதியதை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த வாரமும் பதில் வரும். எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் இதற்கு ஈடாகாது.

தகவல் பாதுகாப்பும் சில்லறைச் சிக்கல்களும்

பதில்கள் மருத்துவமனைப் பதிவு எண்ணோடு இணைய வேண்டும், பெயரோடு அல்ல. ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் கீமோவுக்கு வருவது சாதாரணம். எச்சரிக்கைத் திரையைப் படம் பிடித்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். சம்மதப் படிவத்தில் யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், விலகினால் சிகிச்சை பாதிக்காது என்பவை எளிய தமிழில் இருக்கட்டும். "இது அவசர சேவை அல்ல" என்பது படிவத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு வாரமும் முதல் திரையில் வர வேண்டும்.

நோயாளி இறந்த அன்றே அவர் எண்ணுக்குப் போகும் செய்தி நிற்க வேண்டும். பதினைந்தாம் நாள் காரியம் நடக்கும் வீட்டுக்கு "இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்?" என்று எஸ்.எம்.எஸ். போவதைவிடப் பெரிய கொடுமை இந்தத் திட்டத்தில் வேறில்லை. வாராவாரம் அனுப்பும் முன் பட்டியலை வார்டு பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையை ஒருவர் பெயரில் எழுதுங்கள். சிகிச்சை முடிந்தவர்களுக்கும் "இத்துடன் கேள்விகள் நிறுத்தப்படுகின்றன, தொல்லை இருந்தால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சிறிதாகத் தொடங்கி, எண்களைப் பார்த்து விரிப்பது

ஒரே பிரிவு, ஒரே வகைப் புற்றுநோய், 20 முதல் 30 பேர், எட்டு வாரம். உதாரணமாக மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள். வாரக் கடைசியில் நர்ஸும் டாக்டரும் மென்பொருள் ஆளும் அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கைப் பாருங்கள்: எத்தனை சதவீதம் பேர் நிரப்பினார்கள், எத்தனை எச்சரிக்கை வந்தது, மஞ்சள் எச்சரிக்கையிலிருந்து போன் அழைப்பு வரை எவ்வளவு நேரம், எத்தனை அழைப்பில் ஏதாவது மாற்றினீர்கள். கடைசி எண் மிகக் குறைவாக இருந்தால் வரம்பு இறுகியிருக்கிறது. அவசரப் பிரிவுக்கு எச்சரிக்கை இல்லாமலேயே வந்து சேர்ந்தவர்களின் பெயர்களையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கேள்வி விடுபட்டது என்பது அந்தப் பட்டியலில் தெரியும். முதியவர்கள், தூரத்து ஊர்க்காரர்கள், படிக்காதவர்கள் எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். மொத்த சதவீதம் 80 என்று நிமிர்ந்து நிற்கும்போதே ஒரு பிரிவினர் 30லேயே கிடக்கலாம். அவர்களுக்கு நர்ஸ் வாரம் ஒருமுறை போன் செய்து கேட்டு, அதே படிவத்தில் பதிவு செய்யலாம்.

மஞ்சள் எச்சரிக்கைகளில் பத்தில் ஒன்பதுக்காவது ஒரு வேலை நாளுக்குள் போன் போய்ச்சேரும் நிலை தொடர்ந்து நான்கு வாரம் இருந்தால் அடுத்த பிரிவைச் சேருங்கள். அதுவரை புதியவர்களைச் சேர்க்காதீர்கள்.